அறுநூற்றுப் பதினேழு பேர்

எங்கள் கடையில் பாவற்காய்க்கு இரண்டு விலை. அப்பா வாயால் சொல்லுகிற விலை ஒன்று, மனதுக்குள் வைத்திருக்கிற விலை ஒன்று. வாங்க வருகிறவர்களிடமும் அதேபோல இரண்டு இருக்கும். இந்த நாலும் தராசுக்குப் பக்கத்தில் சந்தித்து, கட்டிப்புரண்டு, கடைசியில் ஒன்றாகும். இரண்டு பக்கமும் தோற்றுப்போன முகத்தோடு பிரிந்தால் அது நல்ல வியாபாரம். லண்டனில் மிச்சம் என்கிற இடத்து ட்ராம் தரிப்புக்கு நேரெதிரே, பவுண்டில் விலை அச்சடித்து ஒட்டிய கடைதான். ஆனால் எங்கள் சனம் ஒட்டிய விலையை அப்பாவுடைய சொந்த அபிப்பிராயமாகத்தான் எடுத்துக்கொள்ளும்.

இதை முதலில் சொல்லாவிட்டால் நான் செய்தது உங்களுக்கு விளங்காது. விளங்கினபிறகு மன்னிக்கத் தோன்றாது. அதுவும் சரிதான்.

2009 ஜனவரியில் ஒரு சர்வதேசக் கூட்டணியின் லண்டன் அலுவலகத்தில் பயிற்சிக்குச் சேர்ந்தேன். நீங்கள் நினைக்கிற அந்தப் பெரிய கூட்டணி இல்லை. அதற்கு ஒன்றுவிட்ட தம்பி முறை. பதினொரு நாடுகள், ஒரு கொடி, விக்டோரியாவுக்குக் கிட்ட வாடகைக்கு இரண்டு மாடி. ‘அரசியல் விவகாரமும் பாதுகாப்புக் கொள்கையும்’ என்று கதவில் போட்டிருந்த பகுதியில் எனக்கு ஜன்னலோரம் ஒரு மேசை. அப்பா லண்டனுக்கு வருமுன் ஜேர்மனியில் கடை வைத்திருந்தவர். நான் அங்கே பிறந்தவள். அந்த ஜேர்மன் மொழிதான் என்னை உள்ளே விட்டது. சம்பளம் இல்லை, பஸ் காசு தருவோம் என்றார்கள். நான் மத்தியானச் சாப்பாட்டையும் சேர்த்துப் பேரம் பேசி முடித்தேன்.

“இதுவரைக்கும் ஒருவரும் கேட்டதில்லையே,” என்றார் பகுதித் தலைவர் ஹியூ. மெலிந்த, நல்ல மனுசன். கோபம் வந்தால் இன்னும் மரியாதையாகப் பேசுவார்.

“கேட்டுப் பார்த்திருந்தால் கொடுத்திருப்பீர்கள்,” என்றேன்.

வேலை இதுதான். காலையில் அறிக்கைகள் குவியும். பத்து மணிக்கு முன்னால் அவற்றை ஒரே பக்கத்துக்குள் சுருக்கிக் கொடுக்க வேண்டும். இரண்டாம் பக்கத்தைத் தூதுவர்கள் வாசிக்க மாட்டார்கள். நாற்பது பக்கத்தை ஒரு பக்கத்துக்கு அடித்துக் குறைப்பது எனக்குக் கை வந்த வேலை. மார்ச் மாதமே ஹியூ சொல்லிவிட்டார், செப்டம்பரில் சம்பளத்தோடு ஒரு இடம் வருகிறது, என் பெயரை எழுதுவேன் என்று. வீட்டில் அம்மா அதற்குள் பாதித் தெருவுக்குச் சொல்லிவிட்டா.

ஏப்ரலில் எங்கள் சனம் பாராளுமன்றச் சதுக்கத்தில் வந்து உட்கார்ந்தது. ஊரில் போர் முற்றி, கடைசித் துண்டு நிலத்துக்குள் எல்லாரும் நெருக்குப்பட்டுக்கொண்டிருந்த நேரம். எனக்கு அலுவலகத்துக்குப் போக அந்தப் பக்கம் வழியில்லை. வழி இருந்தாலும் போயிருக்க மாட்டேன். சேருகிற அன்று ஒரு படிவத்தில் கையெழுத்து வைத்திருந்தேன்: ஏதாவது ஒரு விஷயம் சொந்த முறையில் தொடுமானால் தலைவரிடம் சொல்ல வேண்டும். ஹியூ கேட்டார்.

“இது உனக்கு நெருக்கமான விஷயமா, கீர்த்திகா?”

“லண்டனில் பாதிப் பேருக்கு ஏதாவது ஒரு சண்டை நெருக்கம்தான்,” என்றேன். அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். அது பதில் இல்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

அந்தச் சனிக்கிழமை நகுலேஸ்வரி அன்ரி கடைக்கு வந்தா. எங்கள் தெருவில் நாலாவது வீடு. ஹவுன்ஸ்லோவில் விமானத்துக்குச் சாப்பாடு கட்டுகிற இடத்தில் அதிகாலை ஷிப்ட். அது முடிய நேரே சதுக்கத்துக்குப் போய்ப் பதாகை பிடிப்பா. தொண்டை அடைத்துப்போயிருந்தது.

“பிள்ளை, நீ வேலை செய்யிற இடத்திலை எங்கடை ஆக்களைப் பற்றிக் கதைக்கிறவையோ?”

“எல்லாரையும் பற்றிக் கதைக்கிறவை அன்ரி. முடிவெடுக்கிறதுதான் குறைவு.”

அவ சிரிக்கவில்லை. “என்ரை தம்பியாக்கள் ஒரு பள்ளிக்கூடத்துக்குள்ளை இருக்கினம். நேற்று ரெண்டு நிமிசம் கதைச்சவன். அறுநூற்றுப் பதினேழு பேர். சாப்பாடு நாலு நாளைக்குத்தான் காணுமாம். இதை எழுதிக் குடு.”

“அறுநூறு எண்டு போடட்டோ?”

“அறுநூற்றுப் பதினேழு எண்டு போடு.”

அப்பா தராசுக்குப் பின்னால் நின்று சொன்னார்: “அவள் எழுதுவாள் நகுலேஸ். நீ முதல் உந்தப் பாவற்காய்க்கு ஒரு முடிவைச் சொல்லு.”

“இது என்ன நவம் அண்ணை, ஹீத்ரோவிலை இருந்து நடந்து வந்ததே? வாடிக் கிடக்கு. பாதி விலை போடுங்கோ.”

“பாதிக்குத் தந்தால் நான் உன்னோடை ஷிப்டுக்கு வரவேண்டியதுதான்.”

“வாங்கோ, சமைக்கத் தெரிஞ்ச ஆம்பிளையள் அங்கை இல்லை.”

அறுநூற்றுப் பதினேழையும் அரை விலையையும் ஒரே வாயால், ஒரே மூச்சில் சொன்னா. என் பிழை அந்த இடத்தில்தான் முளைத்தது. அன்ரியின் வீட்டுக்காரரும் ஊரில் புடவைக்கடை வைத்திருந்தவர். எங்களைப் போலக் கடைவழிச் சனம். கடைவழிச் சனம் சொல்லுகிற முதல் எண் முதல் விலைதான். பதினேழு என்ற வால் எனக்கு இன்னும் சந்தேகத்தைத் தந்தது. அப்பாவும் இருபது பவுண்ட் என்று சொல்லமாட்டார், பத்தொன்பது முப்பது என்பார். கணக்குப் பார்த்துச் சொன்ன விலை என்று ஆட்கள் நம்புவார்கள்.

திங்கட்கிழமை காலை என் மேசையில் அரசாங்கத் தரப்பு அறிக்கை ஒன்று கிடந்தது. அதில் அதே பள்ளிக்கூடத்துக்கு நேரே ‘ஒருவரும் இல்லை’ என்று இருந்தது. ஒரு பக்கம் அறுநூற்றுப் பதினேழு, மற்றப் பக்கம் பூச்சியம். எந்தக் கடைக்காரன் பிள்ளையைக் கேட்டாலும் விடை சொல்லும். ‘ஏறக்குறைய முந்நூறு பேர்’ என்று எழுதினேன்.

ஹியூ வாசித்துவிட்டுத் தலையை ஆட்டினார். “யார் சொன்னது?”

“சமூகத் தொடர்புகள்.”

“அளவாக இருக்கிறது. இப்படி வருகிற எண்கள் வழக்கமாகக் கத்தும்.”

அன்று முழுவதும் எனக்குப் பெருமை. இதைச் சொல்லத்தான் வெட்கமாயிருக்கிறது. நடுநிலை என்று நினைத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்து இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டேன்.

புதன்கிழமை கூட்டம். நான் குறிப்பெழுத மூலையில் உட்கார்ந்திருந்தேன். உறுப்பு நாடு ஒன்று உணவும் மருந்தும் ஏற்றிய ஒரு கப்பலை அனுப்பலாமா என்று யோசித்தது. எந்த இடங்களுக்கு முதலில்? வெள்ளிச் சட்டகக் கண்ணாடி போட்ட ஒருவர் சொன்னார்: “ஐந்நூறு பேருக்கு மேற்பட்ட இடங்கள் முதல் பட்டியல். அதற்குக் கீழே உள்ளவை இரண்டாவது, பிறகு பார்க்கலாம்.” எல்லாருக்கும் சம்மதம். என் ஒற்றைப் பக்கத்தை எடுத்து ஒவ்வொன்றாகப் பிரித்தார்கள். “பள்ளிக்கூடம், ஏறக்குறைய முந்நூறு. இரண்டாவது.”

ஜன்னல் திறந்திருந்தது. காற்று இந்தப் பக்கம் அடித்தபோது சதுக்கத்துச் சத்தம் பறையோடு சேர்ந்து வந்தது. யாரோ எழும்பிப்போய் ஜன்னலைச் சாத்தினார்.

அந்த நேரம் நான் வாயைத் திறந்திருக்கலாம். திறந்தால் என்ன சொல்ல வேண்டும்? ‘எண்ணைத் தந்தவ நாலாம் வீட்டு அன்ரி. பாதியாக வெட்டினது நான். ஏனென்றால் எங்கள் கடையில் அப்படித்தான்.’ பிறகு அந்தப் படிவம், பிறகு செப்டம்பர். இவ்வளவையும் நான் ஒரு நொடிக்குள் நிறுத்துப் பார்த்தேன். என் பேனா ‘இரண்டாம் பட்டியல்’ என்று எழுதிக்கொண்டிருந்தது. நல்ல வடிவான எழுத்து.

மறுநாள் பின்னேரம் அன்ரி ட்ராம் தரிப்பில் நின்றா. பதாகையை மடித்துப் பிளாஸ்டிக் பைக்குள் வைத்திருந்தா.

“குடுத்தனியோ பிள்ளை?”

“ஓம் அன்ரி. கூட்டத்திலை எடுத்துக் கதைச்சவை.”

அவ என் கையைப் பிடித்துக்கொண்டா. “பதினேழை விடேல்லைத்தானே?”

“விடேல்லை.”

“அதுதான் கேட்டனான். அவன் எண்ணினால் எண்ணினதுதான். சங்கக்கடை மனேச்சரெல்லே. இருபத்திரண்டு வருசமாக் கூப்பன் பாத்து அரிசி நிறுத்துக் குடுத்தவன். ஒரு ஆளைக் கூட்டவும் மாட்டான், குறைக்கவும் மாட்டான். கலியாணம் பேசேக்கை தன்ரை வயசை மாசக்கணக்கோடை சொல்லி, பொம்பிளை வீட்டுக்காரர் பயந்து போச்சினம்.” சொல்லிவிட்டு அந்த அடைத்த தொண்டையால் சிரித்தா.

நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். சங்கக்கடை என்கிற கூட்டுறவுக் கடையைப் பற்றி எங்கள் வீட்டில் ஒரே ஒரு பேச்சுத்தான். அங்கே பேரம் இல்லை, வரிசையில் நிற்கவேண்டியதுதான் என்று அப்பா இளக்காரமாகச் சொல்லுவார். எங்கள் ஊரில் ஒரே விலை சொல்லுகிற ஒரே இடம் அது. அங்கேயிருந்து வந்த எண்ணைப் பிடித்து நான் பேரம் பேசியிருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை ஹியூவின் அறைக்குப் போனேன். “அந்தப் பள்ளிக்கூடத்து எண்ணைத் திருத்த வேண்டும்.”

“பட்டியல் தலைநகரங்களுக்குப் போய்விட்டது. திருத்தலாம். காரணத்தை எழுதிக் கையெழுத்து வைக்கவேண்டும். என்ன காரணம்?”

அவர் மிக மரியாதையாகக் கேட்டார். “தகவல் தந்தவரிடம் இன்னொருக்கால் கேட்டுவிட்டு வருகிறேன்,” என்று சொல்லி வெளியே வந்தேன். திங்கட்கிழமை எழுதலாம் என்று நினைத்தேன். திங்கள் செவ்வாய் ஆனது. செவ்வாய் மே ஆனது. மே நடுவில் எல்லாம் முடிந்தது. அதன்பிறகு அந்தப் பட்டியலைத் தேட ஒருவருக்கும் தேவை வரவில்லை. அன்ரியைத் தூரத்தில் கண்டால் நான் அடுத்த தெருவால் சுற்றிப் போனேன்.

ஜூனில் கோப்புகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது ஹியூ சொன்னார்: “உனக்குத் தெரியுமா, அந்தக் கப்பல் புறப்படவே இல்லை. காப்புறுதியில் இழுபட்டு நின்றுவிட்டது. எந்தப் பட்டியலுக்கும் ஒன்றும் போகவில்லை.” பிறகு குரலை மாற்றி, “செப்டம்பர் இடத்துக்கு உன் பெயர் சரி வந்துவிட்டது. அளவாக எழுதுகிறாய் என்று மேலே சொன்னார்கள்,” என்றார்.

நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது. கப்பலே போகவில்லையென்றால் என் எண்ணால் யாருக்கு என்ன நட்டம்? கழிப்பறைக்குள் போய் முகத்தைக் கழுவினேன். கண்ணாடியில் பார்க்கும்போது நான் சந்தோசமாக இருந்தேன். அந்த முகத்தை இன்றைக்கும் மறக்க முடியவில்லை.

அடுத்த சனிக்கிழமை அன்ரி கடைக்கு வந்தா. எனக்குச் சுற்றிப் போக வழியில்லை, நான் கல்லாவில் இருந்தேன்.

“தம்பி முகாமிலை இருந்து கதைச்சவன் பிள்ளை!” என்றபடி உள்ளே வந்தா. “காலிலை காயமாம். பெண்சாதி பிள்ளையள் இருக்கினம். அந்தப் பள்ளிக்கூடத்திலை இருந்த ஆக்களை முகாமுக்குள்ளை தேடித்தேடி எண்ணியிருக்கிறான். நானூற்று மூண்டு பேர். இதையும் எழுதிக் குடு. எங்கடை எண் பெரிய இடத்துக்குப் போனது உன்னாலைதானே.”

கழித்துப் பார்க்கக்கூடாது என்று நினைத்து முடிக்கு முன்னம் நான் கழித்துவிட்டேன். கடைக்காரப் புத்தி. விடையை இங்கே எழுதவில்லை.

“அன்ரி, நான் முந்நூறு எண்டுதான் எழுதினனான்.”

“என்ன முந்நூறு?”

“ஏப்ரலிலை. நீங்கள் அறுநூற்றுப் பதினேழு எண்டு சொன்னியள். கூட்டிச் சொல்லுறியள் எண்டு நினைச்சுப் பாதியாக்கினனான். அதாலை பள்ளிக்கூடத்தை ரெண்டாம் பட்டியலிலை போட்டவை. பிறகு தெரிஞ்சும் நான் திருத்தேல்லை. உங்களுக்குப் பொய் சொன்னனான்.”

அத்தோடு நான் நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. “ஆனால் அன்ரி, கப்பல் எப்பிடியும் போகேல்லை. எந்தப் பட்டியலுக்கும் போகேல்லையாம். சரியா எழுதியிருந்தாலும்…”

என் குரல் என் காதில் விழுந்தது. அப்பா வாடின காயை விற்கிற குரல். செய்த பிழைக்கும் விலை குறைத்துப் பேசிக்கொண்டிருந்தேன். வாயை மூடினேன்.

அன்ரி கல்லாப் பக்கத்தில் கிடந்த கடதாசிப் பையை எடுத்து எனக்கு முன்னால் வைத்தா. “எழுது.”

“அன்ரி…”

“நானூற்று மூண்டு. எழுதிக் காட்டு. முதல் சொன்னதையும் எழுது.”

இரண்டையும் எழுதினேன். குனிந்து, விரலை வைத்து, ஒவ்வொரு இலக்கமாகப் பார்த்தா. தராசு முள்ளைப் பார்க்கிற மாதிரி. “திங்கட்கிழமை இப்பிடியே குடு. ஏன் மாறினது எண்டதையும் எழுது.”

“எழுதுறன்.”

“எழுதிப்போட்டு எனக்குக் காட்டு.”

பிறகு பாவற்காய்ப் பெட்டியடிக்குப் போனா. நாலு காய் எடுத்தா, புரட்டிப் பார்க்கவில்லை. அப்பா நிறுத்து விலையைச் சொன்னார். அவர் எப்போதும் சொல்லுகிற முதல் விலை, அன்ரி சண்டை பிடிப்பதற்கென்றே கூட்டி வைத்த விலை. சொல்லிவிட்டு, வரப்போகிற பதிலுக்கு ஏற்கெனவே சிரிக்கத் தொடங்கியிருந்தார்.

அவர் சொன்ன விலையை அன்ரி அப்படியே எண்ணிக் கல்லாவில் வைத்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு போய்விட்டா.

அப்பா காசைத் தொடாமல் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“என்ன பிள்ளை, உவள் ஒண்டும் கேக்காமல் போறாள்?” என்றார். “நீ என்ன சொன்னனீ அவளுக்கு?”