தோள்பட்டையில் குங்குமம்

“இந்தக் கொளுத்துற வெயில்ல யாராச்சும் மலையேறி ஓடுவாங்களா?”

“காலையில ஒரே கூட்டம் லா. மத்தியானம்னா தனியா ஓடலாம்.”

“தனியாவா?”

“பின்ன, மேளதாளத்தோடயா?”

போன ஞாயிற்றுக்கிழமை மனைவி வீரம்மாவிடம் இப்படிச் சொல்லிச் சிரித்துவிட்டுத்தான் சதாசிவம் மோட்டார் சைக்கிளைக் கிளப்பினான். மாலையில் அவன் பனியனைத் துவைக்க எடுத்த வீரம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. வலது தோளில் குங்குமம். முந்தின வாரமும் அதே இடத்தில் இருந்தது. சதாசிவம் யூனியன்காரன், கோயிலுக்குப் போனாலும் வெளியே நின்று சிகரெட் பிடிப்பவன். திருநீற்றை நீட்டினால்கூடக் கிண்டல் செய்வான். அப்படியானால் இது எவள் நெற்றிப் பொட்டு?

இன்று அவன் கிளம்பியதும் பழைய கேன்வாஸ் சப்பாத்தை மாட்டிக்கொண்டு, குழந்தையைப் பக்கத்து வீட்டுப் பெட்ரீசியாவிடம் விட்டாள்.

“வெயில்ல எங்கடி?” என்றாள் பெட்ரீசியா.

“மெங்லெம்பு வரைக்கும்க்கா. ஒடனே வாரேன்.”

மெங்லெம்பில், கிளேடாங் மலையடிவாரத்தில், முனியாண்டி கோயில் மரத்தடியில் அவன் வண்டி நின்றது. ஆளைக் காணோம். வீரம்மாவின் கை தானாகச் சாமி முன்னால் கொட்டாங்கச்சியில் இருந்த குங்குமத்தைத் தொட்டு நெற்றியில் வைத்தது. சிலிம் ரிவர் ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டப் போகிறவர்கள் முனியாண்டியிடம் சொல்லிக்கொள்ளாமல் காட்டுக்குள் கால் வைக்கமாட்டார்கள். அவளும் அந்தத் தோட்டத்தில் வளர்ந்தவள்தானே.

ஓடத் தொடங்கினாள். தார்ச்சாலை அனலாகக் கொதித்தது. முதல் வளைவில் ஒரு குடிசை. ஜோடிகள் வந்து உட்காருகிற இடம். எட்டிப் பார்த்தாள். ஒரு நாய்தான் படுத்திருந்தது. இன்னும் மேலேயா அவளைக் கூட்டிப் போயிருக்கிறான்? கோபம் காலில் இறங்கியது. வேகம் கூடக்கூட மூச்சு ஒரு தாளத்துக்கு வந்தது. கல்யாணத்துக்கு முன் தோட்டத்து விளையாட்டுப் போட்டியில் அவளை முந்த ஆள் கிடையாது. ஞாயிறுதோறும் சதாசிவம் சப்பாத்துக் கயிற்றைக் கட்டும்போது ஒரு வார்த்தை அவள் தொண்டைவரை வரும். குழந்தை அழும். அந்த வார்த்தையை விழுங்கிவிட்டு அடுப்படிக்குப் போவாள்.

வேர்வை கண்ணில் இறங்கி எரிந்தது. தோளை உயர்த்தி நெற்றியைத் துடைத்தாள். நாலடி ஓடியவள் நின்றுவிட்டாள். அவள் சட்டையின் வலது தோளில் அதே சிவப்பு.

இருந்தும் திரும்பவில்லை. ஆளைக் கண்ணால் பார்க்காமல் எப்படி நம்புவது? மறுபடியும் ஓடினாள். இரண்டு வளைவு தாண்டியதும் மேலிருந்து சதாசிவம் வந்தான். தனியாகத்தான்.

“ஏய்! பாப்பாவுக்கு என்னா ஆச்சு?”

“அவளுக்கு ஒண்ணும் இல்ல. நெத்தியக் காட்டுங்க.”

அவன் அவசரமாகத் தோளால் துடைத்தான். சிவப்பு இன்னும் அகலமாக இழுபட்டது.

“முனியாண்டியா?”

“மெதுவா சொல்லு லா. யூனியன்ல தெரிஞ்சா மானம் போயிடும். சின்னதுலேர்ந்து பழக்கம். கும்புடாம மலையேறக் கால் வரமாட்டேங்குது.”

“நான் வேற என்னமோ நெனச்சேன்.”

அவன் அவளுடைய சப்பாத்தைப் பார்த்தான், வந்த பாதையைப் பார்த்தான். “அடிப்பாவி! என்னைய புடிக்கவா இம்புட்டுத் தூரம் ஓடியாந்த? சரி வா, வண்டியில போலாம்.”

வீரம்மா நகரவில்லை. கால்கள் இன்னும் மேலே போகத் துடித்தன.

“அடுத்த ஞாயித்துக்கெழம நீங்க வீட்ல இருந்து பாப்பாவப் பாத்துக்குங்க,” என்றாள். “நான் ஓடணும்.”