தகரக் கூரைக்குக் கீழே பன்னிரண்டு டிரம்

2022 நவம்பர் 14 அன்று, ஆற்றங்கரைச் சாலையில் உள்ள பெண் தொழிலாளர் விடுதியின் தரைத்தளத்தில் நான்கடித் தண்ணீர் புகுந்தது. ஆறு நாட்கள் வடியவில்லை. அறுபத்திரண்டு பேர் மாடிகளில் இருந்தார்கள். மூன்றாம் நாள் மதியத்தோடு சாப்பாடு தீர்ந்தது.

நான்காம் நாள் காலையில், சமையல்கூடத்தின் பொறுப்பில் இருந்த பூட்டக்கா மாடி மாடியாக ஏறி, ஒவ்வொரு அறைக் கதவாகத் தட்டி, "இனிமே ஒண்ணும் இல்ல" என்று சொல்லிவிட்டு வந்தாள். சரக்கறைச் சாவி எப்போதும் இடுப்பிலேயே தொங்குவதால் வந்த பேர் அது. அன்றைக்குத் தண்ணீருக்குள் கிடந்த சரக்கறைக்குச் சாவி இருந்து என்ன புண்ணியம்? ஒருத்தி கூட அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது அவளுக்கு.

அடுத்த மார்ச்சில் நிர்வாகம் விழித்துக்கொண்டது. உணவு ஆலோசகர் ஒருவரை வரவழைத்துப் பட்டியல் போட்டார்கள். தீட்டாத அரிசி, முழுக் கோதுமை மாவு, வறுத்த நிலக்கடலை. எல்லாம் சத்தான சரக்கு. பன்னிரண்டு நீல பிளாஸ்டிக் டிரம்களில் நிரப்பி, ஆக்ஸிஜனை உறிஞ்சும் சின்னப் பொட்டலங்களைப் போட்டு, மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, தண்ணீர் எட்டவே எட்டாத இடத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். மொட்டைமாடியில், தகரக் கூரை போட்ட அறையில். வெள்ளத்தில் சூடுபட்ட கண்ணுக்கு உயரம் ஒன்றுதான் தெரிந்தது. ஒவ்வொரு டிரம்மிலும் 'ஐந்து வருடம் தாங்கும்' என்று சீட்டு.

அக்டோபரில், விடுதியை நடத்தும் அறக்கட்டளையிலிருந்து ஆய்வாளர் வருவதாகக் கடிதம் வந்தது. அவசரக் கையிருப்பு உண்ணத் தகுதியானது என்று சமையல் பொறுப்பாளர் கையெழுத்துப் போட்ட தாள் தயாராக இருக்க வேண்டும். தாள் பூட்டக்காவிடம் வந்து எட்டு நாளாகியும் திரும்பிப் போகவில்லை.

"போட்டுத் தொலைங்களேன் அண்ணி" என்றாள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த நாத்தனார். இருவரும் ஒரே வீடு, ஒரே அடுப்படி. வேலையும் ஒரே இடத்தில். "எங்க அண்ணன் கேட்டப்ப யோசிக்காம தலையாட்டினீங்க. இதுக்கு மட்டும் இவ்ளோ யோசனையா?"

"அங்க யோசிக்காம விட்டதுக்குத்தான்டி உன்கூட மாரடிக்கிறேன்."

"சரி, வேலை போச்சுன்னா?"

"போகட்டும். மறுபடி படியேறி இல்லன்னு சொல்ல என்னால ஆகாது."

சும்மா இருக்கவில்லை அவள். பக்கத்து மருந்துக்கடையில் அறைச் சூடு பார்க்கும் வெப்பமானி ஒன்றைக் கேட்டு வாங்கி, எட்டு நாளும் மதியம் இரண்டு மணிக்கு விடுதியின் அறை அறையாக வைத்துப் பார்த்திருந்தாள். மொட்டைமாடி அறை நாற்பத்து நான்கு டிகிரிக்குக் கீழே இறங்கவில்லை. கட்டடத்திலேயே குளிர்ச்சியான அறை இரண்டாவது மாடியின் வடக்கு மூலையில் இருந்தது. இருபத்தெட்டு. அது மேலாளரின் அலுவலகம்.

மேலாளர் அவளைக் கூப்பிட்டனுப்பினார்.

"என்னம்மா, ஒரு கையெழுத்துக்கு நல்ல நேரம் பார்க்கிறீங்களா?"

"கெடாதுன்னு எழுதி, கீழ என்னைக் கையெழுத்து போடச் சொல்றீங்க சார். தீட்டாத அரிசியில தவிடு இருக்கு, தவிட்டுல எண்ணெய் இருக்கு. அந்தச் சூட்டுல ஆறு மாசத்துல காறிப்போயிடும். கடலையும் அப்படித்தான். மாவப் பத்திக் கேக்கவே வேணாம்."

"படிச்சவங்க போட்ட பட்டியல். வெள்ளை அரிசியில சத்தே கிடையாதுன்னு சொல்லியிருக்காங்க."

"அவங்க சொன்னது தினமும் சாப்பிடறதுக்கு சார். கெட்டுப்போனா அந்தச் சத்த யாரு திங்கிறது?"

"அப்ப என்னதான் வைக்கணும்ங்கிற?" மரியாதை நழுவியது.

"வெள்ளை அரிசி. பருப்பு. உப்பு, சர்க்கரை, எண்ணெய். தகர டின்ல பால் பவுடர். அடுப்பே பத்தலைன்னாலும் பிரிச்சுச் சாப்பிட பிஸ்கட். எண்ணெயும் பிஸ்கட்டும் மட்டும் ஆறு மாசத்துக்கு ஒருதரம் கீழ எடுத்துத் தீர்த்துட்டுப் புதுசு வைக்கணும். எல்லாத்தையும் இந்த ரூம்ல வைக்கணும்."

"எந்த ரூம்ல?"

"நீங்க உக்காந்திருக்கிற ரூம்ல."

மேலாளர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, நாளை மதியம் ஆய்வாளர் வருவதாகவும், காலைக்குள் கையெழுத்து வராவிட்டால் சமையலை ஒப்பந்தக்காரரிடம் விட்டுவிடப்போவதாகவும் சொன்னார். சீல் வைத்த டிரம்மை யாரும் தொடக் கூடாது என்றும் சொன்னார்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு அவள் மொட்டைமாடிக்குப் போனாள். நாத்தனார் பின்னாலேயே கத்தரிக்கோலோடு வந்தாள்.

"நீ எதுக்குடி?"

"ரெண்டு பேரையும் சேத்தே துரத்தட்டும். வீட்ல ஒருத்தர ஒருத்தர் பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கலாம்."

முதல் டிரம்மின் மூடி வெயிலில் லேசாக வளைந்து, டேப் ஓரத்தில் பிரிந்திருந்தது. திறந்ததும் பழைய எண்ணெய்ச் சட்டியின் வாடை அடித்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது கடலை டிரம். அதில் ஒன்றை எடுத்து வாயில் போட்ட நாத்தனார் அடுத்த நொடி சுவரோரம் போய்த் துப்பினாள்.

பூட்டக்கா முதல் டிரம்மிலிருந்து இரண்டு தம்ளர் அரிசியை அளந்து கீழே கொண்டுபோனாள். கழுவினாள், வடித்தாள், உப்புப் போட்டாள். வேறொன்றும் சேர்க்கவில்லை.

மதியம் ஆய்வாளர் வந்தார். ஐம்பது வயதுப் பெண்மணி, அதிகம் பேசாதவர். மேலாளர் அவரைச் சாப்பாட்டுக் கூடத்துக்கு அழைத்துவந்தபோது மேசையில் இரண்டு தட்டு இருந்தது.

"மேடம், இது மாடியில இருக்கிற அரிசி. ஏழு மாசம் ஆச்சு" என்றாள் பூட்டக்கா. "வெள்ளம் வந்தா இதைத்தான் அறுபத்திரண்டு பேரும் சாப்பிடணும். சாருக்கும் வச்சிருக்கேன்."

"சீல் உடைச்சது யாரு?" என்றார் மேலாளர்.

"நான்தான்."

"நானும்" என்றாள் கதவருகில் நின்ற நாத்தனார்.

ஆய்வாளர் ஒரு வாய் எடுத்தார். மென்றார். விழுங்கவில்லை, கைக்குட்டையில் எடுத்துவிட்டார். மேலாளரின் தட்டைப் பார்த்தார். மேலாளர் கையே வைக்கவில்லை.

"சமையல் சரியில்ல மேடம். வேணும்னே பண்ணியிருக்காங்க" என்றார் அவர்.

"அப்போ சமையலுக்காக என்னை அனுப்பிடுங்க சார். போறேன்" என்றாள் பூட்டக்கா. கையெழுத்தில்லாத தாளை ஆய்வாளரின் முன்னால் வைத்தாள். "இதுல மட்டும் கையெழுத்துப் போட மாட்டேன்."

ஆய்வாளர் மீதி ஒன்பது டிரம்களையும் திறக்கச் சொன்னார்.

கையிருப்பு உண்ணத் தகுதியற்றது என்று அறிக்கை போனது. பன்னிரண்டு டிரம்களும் மாட்டுத் தீவனக் கிடங்குக்கு ஏற்றப்பட்டன. அனுமதியின்றி டிரம்களின் சீலை உடைத்ததற்காக இரண்டு பெண்களுக்கும் ஓராண்டுச் சம்பள உயர்வு நிறுத்தப்பட்டது. நவம்பர் முதல் வாரத்தில் வெள்ளை அரிசி, பருப்பு, உப்பு, சர்க்கரை, பால் பவுடர், எண்ணெய், பிஸ்கட் வந்து இறங்கின. அவை இரண்டாவது மாடி வடக்கு மூலை அறையில் வைக்கப்பட்டன. மேலாளரின் அலுவலகம் முதல் மாடிக்கு மாற்றப்பட்டது.