டிரெய்லருக்குப் பின்னால் நிற்பவள்

எங்கள் டிரெய்லருக்கு மூக்கு கட்டை. காரின் கொக்கியில் மாட்டும் இடத்திலிருந்து சக்கரம் வரைக்கும் நீண்டிருக்கும் இரும்பைத்தான் மூக்கு என்கிறேன். அது நீளமாக இருந்தால் பின்னால் தள்ளும்போது வண்டி நிதானமாகத் திரும்பும். கட்டையாக இருந்தால் ஸ்டீயரிங்கைத் தொட்டதுமே கோபித்துக்கொண்ட மாடு மாதிரி ஒரு பக்கம் மடங்கி நிற்கும். போதாததற்கு எங்களுடையது தாழ்வானது வேறு. மேலே படகு இருந்தால் படகு மறைக்கும். படகு இல்லாவிட்டால் டிரெய்லரே கண்ணாடியில் தெரியாது.

அதனால்தான் என் மனைவி பின்னால் நின்றாள். இருபத்தாறு வருடம் நின்றாள்.

ஆறு நாள் இரும்புப் பட்டறையில் வெல்டிங் வேலை எனக்கு. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏரி. படகில் இரண்டு பேர் உட்காரலாம், சண்டை போட்டுக்கொண்டு மூன்று பேர் உட்காரலாம். மீன் கிடைத்தால் கிடைக்கும். கிடைக்காவிட்டாலும் ஆறு நாள் புகையும் சத்தமும் உடம்பை விட்டு இறங்கிவிடும்.

ஏரிக்கரையில் படகு இறக்குவதற்கு ஒரு சிமெண்ட் சரிவு உண்டு. நான் காரைப் பின்னால் தள்ளுவேன். அவள் டிரெய்லரின் வாலோடு ஒட்டி நடந்து தண்ணீருக்குள் இறங்குவாள். இடது வலது என்று நாங்கள் சொல்வதில்லை. என்னைப் பார்த்து நிற்பவளுக்கு எது இடது, முன்னால் பார்த்து உட்கார்ந்திருப்பவனுக்கு எது இடது என்று முதல் மாதமே சண்டை வந்து இரண்டு நாள் பேசாமல் இருந்தோம். அதன்பிறகு காரில் நான் உட்காரும் பக்கம் ‘உன் பக்கம்’, அவள் உட்காரும் பக்கம் ‘என் பக்கம்’. அவள் “உன் பக்கம் வா” என்றால் டிரெய்லரின் வால் என் பக்கம் வர வேண்டும். அப்படியே இறங்கி இறங்கிக் கடைசியில் “நில்லு” என்பாள். அந்த இடத்தில் படகு தானாக மிதக்கும். ஒரு அடி முன்னால் நின்றாலும் தள்ள வேண்டும், ஒரு அடி தாண்டினாலும் காருக்குள் தண்ணீர். அவள் நில்லு என்றால் என் கால் பிரேக்கில் இருக்கும். நடுவில் யோசனை என்று ஒன்று கிடையாது.

இந்த வருடம் மழை விட்ட பிறகு மூன்று முறை டிரெய்லர் சரிவை விட்டு விலகியது. மூன்றாவது முறை ஒரு சக்கரம் சிமெண்ட் விளிம்பைத் தாண்டிச் சேற்றில் விழுந்துவிட்டது. கரையில் இருந்த நான்கு பேர் வந்து தூக்கினார்கள். நான் டிரெய்லரைக் கண்டபடி திட்டினேன். அவளும் கூடச் சேர்ந்து திட்டினாள்.

பட்டறையில் என்னோடு வேலை செய்யும் பிட்டருக்குத் தாடி என்று பெயர். தாடியை எடுத்துப் பத்து வருடம் ஆகிறது, பெயர் மட்டும் போகவில்லை. அவனிடம் சொன்னேன்.

“மூக்கை நீட்டுங்கண்ணே. ஒரு மீட்டர் நீட்டினா சாதுவாயிடும். பின்னால ரெண்டு ஓரத்துலயும் ஆள் உசரத்துக்குக் கம்பி நட்டுடுங்க. கண்ணாடியில கம்பி தெரியும். அதைப் பார்த்தே ஒத்தை ஆளா இறக்கிடலாம்.”

“அப்புறம் உங்க அண்ணிக்கு என்ன வேலை?”

“மகாராணி மாதிரி கார்ல உக்காரட்டும். இத்தனை வருசம் உங்களுக்குக் கத்திக் கத்தியே தொண்டை போயிருக்கும்.”

பழைய இரும்பில் நல்ல சதுரக் குழாய் ஒன்று கிடைத்தது. பழைய மூக்கின் மேல் தொப்பி மாதிரி ஏறி உட்காரும் அளவு. ஞாயிற்றுக்கிழமை மதியம் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் சிமெண்ட் தரையில் டிரெய்லரை நிறுத்தி அளந்தோம். நான் டேப்பின் நுனியைப் பிடித்துக்கொள்வேன், அவள் மறுமுனையில் எண்ணைப் படிப்பாள். எழுத்துத் தெரியாத காலத்தில் தொடங்கிய பழக்கம் அது. அப்போது டேப்பில் இருக்கும் கோடெல்லாம் எனக்கு எறும்பு வரிசை. நாற்பத்து மூன்று வயதில் சமையலறை மேசையில் உட்கார வைத்து அவள்தான் எனக்கு எழுத்தும் எண்ணும் சொல்லிக்கொடுத்தாள். கற்றுக்கொண்ட பிறகும் டேப் படிப்பது அவள் வேலையாகவே இருந்தது.

“நூத்தி எழுபது,” என்றாள்.

சுவரில் சாக்பீஸால் எழுதிக்கொண்டு வெட்டினேன். தூக்கி வைத்துப் பார்த்தால் ஒரு சாண் குறைவு.

மறுபடி நானே அளந்தேன். நூற்றுத் தொண்ணூறு. பட்டறையில் ஒரு சாண் தப்பாக வெட்டினால் அன்றைக்கு முழுதும் கிண்டல் செய்வார்கள். நானும் கிண்டலாகத்தான் ஆரம்பித்தேன்.

“என்னம்மா, டேப்பை நீ படிச்சியா, இல்ல அதுவா உங்கிட்ட வந்து சொல்லுச்சா?”

“போன வாரம் அளந்தப்போ நூத்தி எழுபதுதானே இருந்துச்சு.”

“போன வாரம் அளந்தது வேற எடம்.”

டேப்பை இழுத்து அவள் முகத்துக்கு நேரே நீட்டினேன். “இப்ப சொல்லு. என் நகம் எந்த நம்பர்ல இருக்கு?”

“வெளிச்சம் பத்தல.”

வெயில் தலைக்கு மேல் நின்றது. அவள் நெற்றி வியர்வையில் மின்னிக்கொண்டிருந்தது. நான் டேப்பை விட்டேன். அது சர்ரென்று சுருண்டு உள்ளே போனது. அந்தச் சத்தத்துக்கு அவள் திடுக்கிட்டாள். அது வருவதை அவள் பார்க்கவில்லை.

“எத்தனை நாளா?” என்றேன்.

“மழைக்கு முன்னாடி ஆஸ்பத்திரிக்குப் போனேன்ல, தலைவலின்னு. அன்னைக்கே சொல்லிட்டாங்க. ஒண்ணு போயிடுச்சு. இன்னொண்ணு போயிட்டிருக்கு. மருந்து ஊத்தினா மெதுவாப் போகுமாம், அவ்வளவுதான்.”

“ஏன்டி எங்கிட்ட சொல்லல?”

“சொன்னா நீ மறுநாளே படகை வித்துடுவ. அப்புறம் ஞாயித்துக்கிழமை முழுக்க உன் மூஞ்சியையே பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கணும்.” சிரித்தாள். பிறகு, “அதுவும் கொஞ்ச நாள்தான்,” என்றாள்.

அந்த மூன்று முறையும் எனக்கு அப்போதுதான் புரிந்தது. சிமெண்ட் எங்கே முடிகிறது, சேறு எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியாமலே, பழைய ஞாபகத்தில், உன் பக்கம் என் பக்கம் என்று சொல்லிக்கொண்டு அவள் தண்ணீரில் நின்றிருக்கிறாள். நான் பாவம் அந்த இரும்பைத் திட்டியிருக்கிறேன்.

வேலையை நிறுத்திவிடலாமா என்று கேட்டேன். “ஏன், ஆரம்பிச்சது பாதியில நிக்கவா?” என்றாள்.

வேறு குழாய் தேடி எடுத்து வெட்டினேன். பழைய மூக்கின் மேல் ஏற்றி, நான்கு பக்கமும் சுற்றிப் பற்ற வைத்து, குறுக்கே இரண்டு போல்ட்டும் போட்டு, மேலே கறுப்புப் பெயிண்ட் அடித்தேன். படகு உட்காரும் கட்டைகளில் பழைய கார்பெட்டை இழுத்துக் கட்டினேன், வழுக்கிக்கொண்டு போகட்டும் என்று. வாலின் இரண்டு ஓரத்திலும் கம்பி நட்டு, வெள்ளை பிளாஸ்டிக் பைப்பை உறை மாதிரி மாட்டினேன். அவள் பக்கத்துக் கம்பிக்கு மட்டும் சிவப்புப் பெயிண்ட் அடித்தேன். பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, நான் கேட்கிற நட்டை டப்பாவில் துழாவி எடுத்துக் கொடுத்தாள். பதின்மூன்று கேட்டால் பதின்மூன்று, பதினேழு கேட்டால் பதினேழு. ஒன்றுகூடத் தப்பவில்லை.

முடிந்ததும் கம்பிகளைத் தடவிப் பார்த்தாள். “எது என் பக்கம்?”

“சிவப்பு.”

“எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்யா,” என்றாள். குரலில் வருத்தமே இல்லை. அதுதான் தாங்கவில்லை.

அடுத்த ஞாயிறு ஏரிக்குப் போனோம். காரிலேயே இரு என்றேன். கேட்காமல் இறங்கி, ஒரு கையால் டிரெய்லரைப் பிடித்துக்கொண்டே பின்னால் போய் நின்றாள். கண்ணாடியில் இரண்டு கம்பியும் தெளிவாகத் தெரிந்தன. தாடி சொன்னது சரிதான், வண்டி சாதுவாகிவிட்டது. நேராக இறங்கிக்கொண்டிருந்தது.

“உன் பக்கம் வா,” என்றாள்.

என் பக்கம் வந்தால் சேறு. கம்பியைப் பார்த்தேன். ஸ்டீயரிங்கைத் திருப்பவில்லை.

“உன் பக்கம்யா. இன்னும்.”

நான் நேராகவே தள்ளினேன். அதற்குப்பின் அவள் எந்தப் பக்கமும் சொல்லவில்லை. தண்ணீருக்குள் இறங்கும் வரை கூடவே வந்தாள். பிறகு, “நில்லு.” நின்றேன். படகு மிதந்தது.

இறங்கிப் போனேன். அவள் கை இன்னும் டிரெய்லரின் மேல் இருந்தது.

“உன் பக்கம்னு ரெண்டு தடவை சொன்னேன். வண்டி திரும்பல,” என்றாள். “கைக்குத் தெரியும்ல.”

“கேக்கலம்மா. இஞ்சின் சத்தம்.”

“இருபத்தாறு வருசமா இந்த இஞ்சின் சத்தத்துலதான் கேட்டுச்சு.”

அன்றைக்கு ஒரு மீன்கூடப் படவில்லை. இரண்டு பேரும் தூண்டிலைப் போட்டுக்கொண்டு ஆளுக்கு ஒரு திசை பார்த்து உட்கார்ந்திருந்தோம். அவளுக்கு எந்தத் திசையும் ஒன்றுதான் என்று நினைவு வந்ததும் நான் தூண்டிலை எடுத்துவிட்டேன்.

அதற்கடுத்த ஞாயிறு அவள் வரவில்லை.

“சும்மா படகுல வந்து உக்காரு.”

“மூட்டை மாதிரி ஏத்தி இறக்கவா? எனக்கு அங்க ஒரு வேலை இருந்துச்சு, வந்தேன். இப்ப அந்த வேலையை ரெண்டு கம்பி பார்க்குது. நீ போயிட்டு வா. போகாம மட்டும் இருக்காத. அதுக்காகத்தான் நான் வாயைத் திறக்காம இருந்தேன்.”

போனேன். சரிவின் உச்சியில் காரை நிறுத்திக் கண்ணாடியைச் சரிசெய்தேன். ஓரத்துக்கு ஒன்றாகச் சிவப்பும் வெள்ளையும் நின்றன. இத்தனை வருடத்தில் அவ்வளவு நேராக நான் ஒருநாளும் இறக்கியதில்லை. ஒரு தடவைகூட ஸ்டீயரிங்கைத் திருத்த வேண்டியிருக்கவில்லை. கம்பிகள் தண்ணீருக்குள் போய்க்கொண்டே இருந்தன. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். கால் பிரேக்கின் மேல் தயாராகத்தான் இருந்தது.

பின்னாலிருந்து யாரோ சிரித்த பிறகுதான் தெரிந்தது. காரின் பின் சக்கரம் இரண்டும் தண்ணீரில். புகைக்குழாய் குடுகுடுவென்று கொப்பளித்துக்கொண்டிருந்தது.

“என்ன அண்ணாச்சி, காரையும் மீன் பிடிக்கக் கூட்டிட்டுப் போறீங்களா?” என்றார் கரையில் வலை அலசிக்கொண்டிருந்தவர். பிறகு அவரே வந்து தள்ளினார்.

படகை இறக்காமலே வீட்டுக்குத் திரும்பினேன். வாசலிலேயே அவளுக்குக் கேட்டுவிட்டது.

“செருப்பு சலக் சலக்குங்குது. எதுவரைக்கும் போன?”

“கார் பின் சக்கரம் வரைக்கும்.”

“ஏன்யா நிக்கல?”

“நீ சொல்லல.”

அவள் கை சுவரைத் தேடிப் பிடித்தது. பக்கம் பார்க்கக் கம்பி வைத்தேன், வண்டி மடங்காமல் இருக்க மூக்கை நீட்டினேன், படகு வழுக்கக் கார்பெட் போட்டேன். எங்கே நிற்பது என்பதற்கு ஒன்றுமே வைக்கவில்லை. அது எனக்குள்ளேயே இருக்கிறது என்று நினைத்துவிட்டேன் போலிருக்கிறது.

“அந்தக் கறுப்புப் பெயிண்டை எடுத்துட்டு வா,” என்றாள்.

சுவரைத் தடவிக்கொண்டே பின்பக்கம் போய், டிரெய்லரின் வாலைக் கண்டுபிடித்து, சிவப்புக் கம்பியை ஒட்டி நின்றாள். செருப்பைக் கழற்றினாள்.

“டிரெய்லர் நிக்கிற தரையும் நான் நிக்கிற தரையும் ஒரே மட்டமா?”

“ஒரே மட்டம்தான்.”

முழங்காலுக்கு மேல் ஒரு சாண் வைத்து அளந்து, அந்த உயரத்தில் கம்பியின் மேல் ஒரு விரலை வைத்தாள். “தண்ணி இங்க வந்தா சில்லுனு இருக்கும். அப்பத்தான் நில்லும்பேன். இங்க கோடு போடு. கோடு முங்கினா நின்னுக்க.”

“நீ கண்ணால பார்த்துதான் சொல்றேன்னு நினைச்சேன்.”

“இதுக்கு எதுக்குக் கண்ணு? அதனாலதான் பக்கம் தப்பினப்பவும் நில்லு மட்டும் தப்பல.”

பிரஷைத் தோய்த்துக் கம்பியைச் சுற்றிக் கோடு போட்டேன். விரலை எடு என்று சொல்லியிருக்க வேண்டும். நான் சொல்லவில்லை, அவளும் எடுக்கவில்லை. பிரஷ் அவள் விரலையும் சேர்த்து ஏறி இறங்கியது.

“போட்டாச்சா?”

“போட்டாச்சு.”

“காயட்டும்,” என்றாள். காயும் வரைக்கும் விரலை வைத்துக்கொண்டே நின்றாள்.

கார்க் கண்ணாடியில் அந்தக் கோடு முழுதாகத்தான் தெரிகிறது. கிட்டே போய்ச் சுற்றிப் பார்த்தால், ஒரு விரல் அகலத்துக்குக் கறுப்பு ஏறாமல் சிவப்பாகவே இருக்கும்.