ஆஸ்துமா, அவ்ளோதான்

கை விறைப்பதற்குள் ரவிக்கையை மாட்டிவிட வேண்டும். ஜெபிஷா மாமியாரின் முழங்கையை மடக்கிப் பிடித்தாள். பக்கத்து வீட்டு லோகநாயகி துணியை மெல்ல இழுத்து நுழைத்தாள். உள்ளறையில் செத்துப்போன சகாயமேரியையும் சேர்த்து மூன்றே பெண்கள். வாசலில் பிரீசர் பெட்டி வந்து இறங்கிய சத்தம் கேட்டது.

“எப்படி இருந்த மேனி, எலும்பா பூட்ச்சு பாரு.” லோகநாயகி மூக்கைச் சிந்தினாள். “அந்த மாத்திரைய உடாம தின்னுருந்தா இன்னும் கொஞ்ச காலம் இருந்திருக்கும்.”

“எந்த மாத்திரை அக்கா? ஆஸ்துமாவுக்கா?”

“ஆஸ்துமாவா? டீபி மாத்திரை. ஒண்ணுக்கு செவப்பா போவுதுடின்னு பயந்துகினு என்னாண்ட தானே வந்து சொல்லுச்சு. உன் கல்யாணம் பேசிகினு இருந்த சமயம். பொண்ணு ஊட்ல தெரிஞ்சா வம்புன்னு பாதியிலயே நிறுத்திடுச்சு.” சட்டென்று ஜெபிஷாவின் முகத்தைப் பார்த்தாள். “உன் புருஷன் பிராங்க் சொல்லல?”

ஜெபிஷா பிடித்திருந்த முழங்கையை விட்டுவிட்டாள். வந்த நாளிலிருந்து அந்த இருமலுக்குப் பக்கத்திலேயே படுத்து, நெஞ்சைத் தடவிவிட்டு, எச்சில் கிண்ணத்தையும் கழுவியவள் அவள். மாமியாரும் அவள்மேல் பாசம் வைத்தவள்தான். இவளுக்கு ஒரு பிள்ளை தங்க வேண்டுமென்று வேளாங்கண்ணியில் மொட்டை போட்டுக்கொண்ட மனுஷி.

போன வாரம்தான் டாக்டரம்மா கேட்டார். ஜெபிஷாவுக்குக் கருக்குழாய் இரண்டும் அடைப்பு, மாதவிலக்கு பேருக்கு வருகிறது, கர்ப்பப்பையில் டீபி இருக்குமோ என்று அவருக்குச் சந்தேகம். “உள்சதை எடுத்துப் பாத்ததுல ஒண்ணும் வரலம்மா. ஆனா கிருமி கம்மியா இருந்தா டெஸ்ட்ல சிக்காது. அதான் கேக்குறேன், வீட்டுல யாருக்காவது டீபி இருந்துச்சா?”

ஜெபிஷா வாயைத் திறக்குமுன் பிராங்க் முந்திக்கொண்டான். “இல்ல டாக்டர். அம்மாவுக்கு ஆஸ்துமா, அவ்ளோதான்.”

இப்போது அவனை அடுப்படிக்கு இழுத்துப் போனாள். “அத்தைக்கு டீபியாங்க?”

பிராங்க் குழாயைத் திறந்து முகம் கழுவினான். கழுவிக்கொண்டே இருந்தான்.

“அம்மா சத்தியம் வாங்கிட்டாங்க ஜெபி.”

“டாக்டர்கிட்ட கூடவா? எனக்கு பயமா இருக்குங்க. இத்தன வருஷமா அந்தக் கிருமி எனக்குள்ள என்ன பண்ணி வெச்சிருக்கோ.”

அவன் மறுபடி முகத்தில் தண்ணீரை அடித்துக்கொண்டான். குழாயை மூடவில்லை.

சாமியார் ஜெபம் முடித்ததும், சவப்பெட்டியை மூடுமுன் ஒவ்வொருவராகக் கடைசி முத்தம் கொடுத்தார்கள். பிராங்க் குனிந்தான், விம்மினான், நகர்ந்தான். ஜெபிஷாவின் முறை வந்தது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். செத்த உடம்பு இருமாது என்று அவளுக்குத் தெரியும், ஆனாலும் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பாவி மனுஷி மேல் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. நெற்றியில் முத்தமிட்டுவிட்டு நாற்காலியில் போய் விழுந்தாள்.

மேம்பாலத்து நெரிசலில் மாட்டிக்கொண்டு தாமதமாக வந்த பிராங்கின் பெரியம்மா நேராக ஜெபிஷாவிடம் வந்து, கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

“நல்லாத்தானே கண்ணு இருந்தாங்க? இன்னா ஆச்சு?”

பெட்டியின் தலைமாட்டில் நின்ற பிராங்க் திரும்பினான். “ஆஸ்துமா பெரிம்...”

“டீபி, பெரியம்மா,” என்றாள் ஜெபிஷா.

பிராங்க் தலையைக் குனிந்துகொண்டான். பெரியம்மாவின் விரல்கள் ஒவ்வொன்றாக அவள் கையிலிருந்து கழன்றன. காலியான அந்தக் கையை ஜெபிஷா அடிவயிற்றின் மேல் வைத்துக்கொண்டாள்.