வெளிக்கிடுகிறவனிடம் கேட்கக் கூடாதது

லண்டன் ஈஸ்ட் ஹாமில் ஒரு நகைக்கடைக்கு மேல்மாடியில், காணாமல்போனவர்களைத் தேடித் தரும் சங்கம் ஒன்று இருந்தது. 2009 ஆவணியில் என் தம்பி நிர்மலனுக்காகப் படிவம் நிரப்ப அங்கே போனேன். பியற்றிஸ் என்ற பெண் கேட்கக் கேட்கச் சொன்னேன். பிறந்த திகதி, மனைவி செல்வமலர், கடைசியாகப் பேசியது வைகாசி பதினான்கு, இடது முழங்காலில் பன்றி கிழித்த தழும்பு. எல்லாம் கடகடவென்று வந்தது.

"கடைசியா எங்க போறன் எண்டு சொன்னவர்?"

"தெரியாது."

"நீங்கள் கேக்கேல்லையோ, ஐயா?"

எனக்குச் சுள்ளென்று ஏறியது. "நாங்கள் கேக்கிறேல்லைப் பிள்ளை. அது பழக்கமில்லை."

இவளுக்கு எதை விளக்குவது? வன்னியில் எங்கள் குளத்தடி றெஸ்ற் ஹவுசில் எழுபதுகளில் துரைமார் வந்து தங்குவார்கள். காலையில் காட்டுத்தாரா சுடுவார்கள், பின்னேரம் மரை மான் தேடுவார்கள். நானும் தம்பியும்தான் வழிகாட்டிகள். துரைமார் இல்லாத நாட்களில் காட்டுக்கோழிக்குக் கண்ணியும் பன்றிக்குச் சுருக்கும் வைப்போம். வெளிக்கிடுகிறவனைப் பார்த்து எங்கே போகிறாய் என்று எங்கள் வீட்டில் ஒருவரும் கேட்க மாட்டார்கள். கேட்டால் கண்ணியில் ஒன்றும் படாது, போனவனுக்கும் கூடாது. துரைமாருக்கோ வாய் சும்மா கிடக்காது. ஜீப்பில் ஏறமுன்னமே, "வேர் ஆர் வீ கோயிங்?" அப்படிக் கேட்ட ஒருவரைத் தம்பி மூன்று மணித்தியாலம் குளத்தைச் சுற்றியே நடத்திவிட்டுத் திரும்பக் கொண்டுவந்து விட்டான். மனுசன் ஒரு கொக்கைக்கூடச் சுடவில்லை. நாங்கள் வயிறு நோகச் சிரித்தோம்.

வைகாசியில் தம்பி யாருடையதோ சற்லைற் போனில் எடுத்தான். பின்னால் ஷெல் சத்தம். "அண்ணை, நான் வெளிக்கிடுறன்" என்றான். சொன்ன பிறகும் போனை வைக்காமல் நின்றான். கேள்வி என் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டு, "சரி, போட்டு வா" என்றேன். அன்றைக்கு அது எனக்குச் சரியாகவே பட்டது.

பியற்றிஸ் படிவத்தில் அந்த இடத்தை வெறுமையாக விட்டாள். "கடல் பக்கமோ, ஆமிப் பக்கமோ எண்டாவது தெரிஞ்சால்தான் ஆரிட்டக் கேக்கிறதெண்டு பாக்கலாம்."

"மனிசிக்குச் சொல்லியிருப்பான். அவ முகாமில இருக்கிறா. போன் கிடைச்சா எடுப்பா."

எனக்கு அழுகை வரவில்லை. மூன்று மாதமாக ஒரு கோதாரியும் வரவில்லை. ஷிப்டுக்குப் போனேன், சாப்பிட்டேன், படுத்தேன்.

சனிக்கிழமை மத்தியானம் சோறு போட்டுக்கொண்டிருக்கும்போது செல்வமலர் எடுத்தாள். முகாமில் யாரோ ஒளித்து வைத்திருந்த போன். நான் வாய் திறக்கமுன்னம் அவள் முந்திக்கொண்டாள்.

"அத்தான், இந்தப் போனுக்காக மூண்டு மாசம் பாத்துக்கொண்டிருந்தனான். இவர் எந்தப் பக்கம் போனவர்?"

"உமக்குச் சொல்லேல்லையோ?"

"நான் கேக்கேல்லை. கலியாணம் முடிச்சு வந்த முதல் நாளே மாமி சொல்லித் தந்தவ, கேக்கக் கூடாதெண்டு. இவர்தான் சொன்னார், 'நீ யோசியாத, நான் போன் எடுக்கேக்க அண்ணை கேப்பார், அவருக்குச் சொல்லிப்போட்டுப் போறன்' எண்டு."

அகப்பை கையிலேயே இருந்தது.

"அத்தான்? கேக்குதோ? எங்க எண்டு சொன்னவர்?"

"நான் கேக்கேல்லைப் பிள்ளை."

அவள் என்னைத் திட்டியிருக்கலாம். நாறப் பேசியிருந்தாலும் தாங்கியிருப்பேன்.

"ஓம் அத்தான்" என்றாள்.