கண் திறந்தால் கர்பூஜா

தில்லி ஜனக்புரியில் ஒரு பிளாக்கில் இருக்கிற கோயம்புத்தூர்ப் பக்கத்துக் குடும்பங்களுக்குச் சித்திரை முதல் நாள் பொதுவில் ஒரு கனித்தட்டு உண்டு. முந்தின நாள் சாயங்காலமே கண்ணாடிக்கு முன்னால் பழங்களையும் பூவையும் பொன்னையும் அடுக்கி வைத்துவிடுவார்கள். விடிந்ததும், வயதில் மூத்தவர் முதலாக, எல்லாரும் கண்ணை இறுக மூடிக்கொண்டு வரிசையில் வரவேண்டும். தட்டு வைத்த வீட்டுப் பெண் கையைப் பிடித்து அழைத்து வந்து நிறுத்துவாள். கண் திறந்ததும் எது படுகிறதோ, வருஷமும் அப்படித்தான் என்று நம்பிக்கை.

தட்டு வருஷத்துக்கு ஒரு வீடாகச் சுற்றும். மாலா வீட்டை மட்டும் தாண்டித் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. அவள் தில்லியிலேயே, முனிர்காவில் பிறந்து வளர்ந்தவள். தமிழ் பேசுவாள், நடுவில் இந்தி வந்து உட்கார்ந்துகொள்ளும். பாங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஜகந்நாதன், தட்டு யாருக்கு என்று சொல்கிற பொள்ளாச்சிக்காரர், "அது தில்லிப் பொண்ணு, அதுக்கு நம்ம முறையெல்லாம் என்ன தெரியும்?" என்பார், அவள் காதில் விழும்படியே. இந்த வருஷம் பாதிப்பேர் ஊருக்குப் போய்விட்டதால், வேறு வழியில்லாமல் தட்டு அவளிடம் வந்தது. மா, பலா, வாழை மூன்றும் இருக்கவேண்டும், இல்லாவிட்டால் இதுவே கடைசி என்று சொல்லிவிட்டுப் போனார் ஜகந்நாதன்.

சித்திரையில் தில்லியில் பழுத்த பலாவுக்கு எங்கே போவது, சொல்லுங்கள்? கிடைப்பதெல்லாம் கறிக்கு வெட்டுகிற கட்ஹல், பச்சைக் காய். போன வருஷம் அதன்மேல் மஞ்சளைக் குழைத்துப் பூசி வைத்தார்கள். அதையும் எல்லாரும் கும்பிட்டார்கள். மாம்பழம் பார்க்கப் பொன்னாக இருந்தது. மருந்து போட்டுப் பழுக்கவைத்தது. மாலாவின் மகள் அனன்யா ஆசையாகக் கடித்து, உதடு வெந்து, வருஷப்பிறப்பன்று மோரைக் குடித்துக்கொண்டு படுத்துக் கிடந்தாள் குழந்தை.

மாலா தென்னிந்தியச் சாமான் கிடைக்கிற ஐ.என்.ஏ. மார்க்கெட் வரைக்கும் போய்ப் பார்த்தாள். ஊரிலிருந்து வந்த மாம்பழம் என்று ஒரு கடைக்காரர் நீட்டினார். மோந்து பார்த்தாள். வாசனையே இல்லை. அப்படியே வைத்துவிட்டாள். வெளியே தள்ளுவண்டியில் கர்பூஜாவும், அதாவது முலாம்பழமும், சின்ன மஞ்சள் லோகாட் பழமும் இருந்தன; அவற்றின் வாசனை அவளைத் தெருமுனையிலேயே இழுத்தது. எங்கே விளைந்தது பய்யா என்று இந்தியில் கேட்டாள். கர்பூஜா யமுனைக்கரை மணலில், லோகாட் டேராடூன் பக்கத்தில் என்றார் வண்டிக்காரர். இரண்டையும் வாங்கினாள். வீட்டுக்கு எதிரே பூங்காவில் ஷஹ்தூத் மரம், நம் முசுக்கொட்டைதான், கறுத்துப் பழுத்து நடைபாதையெல்லாம் கறையாக்கிக்கொண்டிருந்தது. அம்மாவும் மகளும் பழைய சேலையை விரித்துக் கிளையை உலுக்கினார்கள். தட்டில் வாழைப்பழமும் வைத்தாள். அதில் பொய் ஒன்றும் இல்லையே.

விடியற்காலையில் ஜகந்நாதனின் கையைப் பிடித்து அழைத்து வந்து தட்டுக்கு முன்னால் நிறுத்தினாள். அவர் கண்ணைத் திறந்தார்.

"என்ன கண்ணு இது? மா எங்க, பலா எங்க?"

"அதுங்க இன்னும் பழுக்கல மாமா."

"இதுல வாழையத் தவிர ஒண்ணாச்சும் நம்ம ஊர்ப் பழமா?"

அவர் பின்னால் அத்தனை பேரும் கண்ணை மூடிக்கொண்டு நின்றார்கள். காது மட்டும் திறந்திருந்தது. மாலா கையை விடவில்லை.

"இல்ல மாமா. எல்லாம் இந்த மண்ணுல வெளஞ்சது. நானும் இங்கதான் வெளஞ்சேன். இது தட்டுல இருக்கக் கூடாதுன்னா நானும் இங்க நிக்கக் கூடாது. அத நேராச் சொல்லிடுங்க."

அவர் கண்ணை மறுபடி இறுக மூடிக்கொண்டார். நான் எதையும் பார்க்கவில்லை, முறைப்படி வைத்துவிட்டுக் கூப்பிட்டால் திறப்பேன் என்றார். மூத்தவர் பார்க்காமல் அடுத்தவர் பார்க்க முடியாது. எல்லாரும் பார்க்காமல் தட்டில் யாரும் கைவைக்கவும் முடியாது. அது அவருக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும்.

"அச்சா, மூடிக்கங்க. இந்தப் பக்கம் மாம்பழம் தானாப் பழுக்க ஆனி ஆகும். அதுவரைக்கும் நிக்கறதா இருந்தா நாற்காலி போடறேன்."

வரிசையில் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். அவர் அசையவில்லை. மாலா அவர் கையை மெல்ல விட்டுவிட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். பயம் இருந்தது, எழுந்திருக்கிற எண்ணம்தான் இல்லை. கர்பூஜாவின் வாசனை கூடத்தை நிறைத்துக்கொண்டு வந்தது. கண்ணை மூடியவர்களுக்கு மூக்கு இன்னும் கூர்மை அல்லவா, குழந்தைகள் நெளிய ஆரம்பித்தார்கள்.

ஜகந்நாதனுக்கு அடுத்து நின்றது அவர் மனைவி விஜயலக்ஷ்மி. அந்த அம்மா, கண் மூடியபடியே முன்னால் துழாவி அவர் தோளைத் தொட்டார்.

"பூசின மஞ்சளக் கும்புட்டவங்கதானுங்க நாம. பாத்தாச்சுல்ல, தள்ளுங்க."

அவரை ஓரமாகத் தள்ளியே விட்டார். மாலா எழுந்து ஓடிவந்து விஜயலக்ஷ்மியின் கையைப் பிடித்தாள். அந்த அம்மா கண்ணைத் திறந்து, கண்ணாடியில் தெரிந்த கறுப்புப் பழங்களையும் தன் முகத்தையும் நிதானமாகப் பார்த்தார். பிறகு ஒவ்வொருவராக வந்து பார்த்தார்கள். கடைசி ஆளும் பார்த்ததும் பழங்களைப் பகிர்ந்து தின்றார்கள்.

இனி இந்த வீட்டுக்குத் தட்டு கிடையாது, அடுத்த வருஷம் எங்கள் வீட்டில்தான் என்றார் ஜகந்நாதன் சுவரைப் பார்த்து.

"சரிங்க, நம்ம வீட்லயே வெப்போம்," என்றார் விஜயலக்ஷ்மி. வாயோரம் முசுக்கொட்டையின் ஊதாக் கறை. "மாலா, இந்தப் பழத்து மரம் எங்க இருக்குது? காட்டு, வா."