விசில் ஊத மறந்த விஞ்ஞானி

படகுப் பட்டறையில் அவனுக்கு விஞ்ஞானி என்று பெயர். கேலியா, பாராட்டா என்று அவன் விசாரித்ததில்லை. விசாரித்தால் யாராவது உண்மையைச் சொல்லிவிடுவார்கள். அவன் பார்த்த வேலைக்கு விஞ்ஞானம் ஒன்றும் தேவையில்லை. தண்ணீரில் நட்ட கம்பத்தில் ஒரு சிவப்புக் கோடு. கடல் ஏறி அதைத் தொட்டதும் விசில் ஊத வேண்டும். கண்ணும் வாயும் இருந்தால் போதும். வாய் அவனுக்குத் தேவைக்கு மேலேயே இருந்தது.

அன்று இறக்க வேண்டியது அக்கா வீட்டுக்காரரின் படகு. மூன்று மாதம் பழுது பார்த்த கனமான படகு, பௌர்ணமியை ஒட்டி வரும் பெரிய ஏற்றத்தில்தான் மிதக்கும். இந்தப் பௌர்ணமிக்கு அன்றைய ஏற்றம்தான் கடைசி; தவறினால் அமாவாசை வரை பதினைந்து நாள் கரையில் கிடக்க வேண்டியதுதான். அதற்குள் மீன் கிடைக்கும் பருவம் பாதி போய்விடும். படகு சரியாமல் தடுத்திருந்த ஆப்பைத் தட்டிவிட மாமா சுத்தியலோடு மறுபக்கம் நின்றார். அங்கிருந்து கம்பம் தெரியாது. மச்சினனின் விசிலைத்தான் நம்பியிருந்தார்.

அந்த நேரம் பார்த்து வெல்டர் கேட்டார்: "ஏம்ப்பா விஞ்ஞானி, நிலா நம்மள விட்டுத் தள்ளிப் போகுதாமே?"

கேட்டதுதான் தாமதம். கம்பத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு பலகைமேல் ஏறி நின்றான்.

"வருஷத்துக்கு ரெண்டு விரல் அகலம் போகுது. மொத்தமா போயிடுச்சுன்னு வைங்க, கடல் ஏற்றம் பாதிகூட இருக்காது. சூரியன் இழுக்கறது மட்டும்தான் மிச்சம். பூமியோட சாய்வும் நிலைக்காது. போகப் போகத் தள்ளாட ஆரம்பிச்சிடும்."

"ஐயையோ!" என்றார் வெல்டர்.

அந்த ஐயையோவில் அவனுக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு மணி நேரத்துக்கு மேல் போனது தெரியாமல் பருவங்களைக் குழப்பினான், துருவத்துப் பனியை உருக்கினான், நிலா வெளிச்சத்தில் இரை தேடும் பிராணிகளைப் பட்டினி போட்டான். உலகத்தை இவ்வளவு திறமையாக அழிக்கக்கூடியவன் விசில் ஊதிப் பிழைக்கிறானே என்று தன்மேல் பரிதாபம்கூட வந்தது.

வெல்டர் அவன் தோளுக்கு மேல் பார்த்தார். முகம் மாறியது. அவனும் திரும்பினான்.

கம்பத்தில் ஈரம் கோட்டுக்கு மேலே ஒரு சாண் இருந்தது. தண்ணீர் கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தது. நிலா எங்கும் போய்விடவில்லை. பட்டப்பகலில், கண்ணில்கூடப் படாமல், தன் வேலையை ஒழுங்காக முடித்திருந்தது.

அப்போதாவது அவன் சும்மா இருந்திருக்கலாம். பதறிப்போய் விசிலை ஊதினான். மாமா ஆப்பைத் தட்டினார். படகு பாதி வழுக்கி, சேற்றில் மூக்கைச் செருகி நின்றது.

மாமா சுற்றி வந்து கம்பத்தைப் பார்த்தார், படகைப் பார்த்தார். அவனுக்கு வெட்கத்தில் உயிரே போய்விடும் போலிருந்தது. நாலு அறை விட்டால் தேவலை என்று நின்றான்.

மாமா சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுப் பலகையில் உட்கார்ந்தார்.

"அப்புறம் என்ன ஆகும் மாப்ள? நிதானமா சொல்லு. பதினஞ்சு நாள் இருக்கு."